கை படாத விமானம்

எங்கள் சங்கத்தில் ஒருவர் செய்த விமானத்தை இன்னொருவர் தொடக்கூடாது. பெண்டாட்டி விஷயத்தில் அப்படி விதி எதுவும் இல்லை. அந்த வகையில் சங்கத்துக்குள்ளேயே இரண்டு விவாகரத்து நடந்திருக்கிறது, யாரும் அதைக் கூட்டத்தில் எழுப்பவில்லை. ஆனால் டெல்மர் என்ற உறுப்பினர் ஒரு தடவை பக்கத்து மேஜைப் போர் விமானத்தின் மேல் கிடந்த சோளப்பொரித் துணுக்கை வாயால் ஊதித் தள்ளிவிட்டார். மூச்சும் தொடுதலில் சேருமா என்று விசாரிக்க ஒரு குழு போட்டார்கள். சேரும் என்று முடிவாயிற்று. டெல்மர் இப்போது பொம்மை ரயில்காரர்களோடு சேர்ந்துவிட்டார். நிம்மதியாக இருப்பதாகக் கேள்வி.

விச்சிட்டாவில் லுத்தரன் தேவாலயத்தின் நிலவறையில் மாதம் ஒருமுறை கூடுகிறோம். ஆளுக்கொரு கிண்ணம் காரமான பீன்ஸ் குழம்பும், தொட்டுக்கொள்ள இலவங்கப்பட்டை ரொட்டியும் உண்டு. பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி, வண்ணம் அடித்து, பழைய போர் விமானங்களைச் சின்ன அளவில் செய்வதுதான் எங்கள் வேலை. இதை விளையாட்டு என்று சொன்ன பாதிரியாரிடம் எங்கள் ஆட்கள் ஒரு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வருடா வருடம் போட்டி. நடுவர்கள் பல்லில் குட்டி டார்ச்சைக் கடித்துக்கொண்டு மேஜையைச் சுற்றி முட்டி போட்டு நகர்வார்கள். மேலே சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் அவ்வளவு பக்தியாக முட்டி போட்டு நான் பார்த்ததில்லை. சக்கரம் கோணலா, ஒட்டிய இடம் தெரிகிறதா, இறக்கை இரண்டும் ஒரே மட்டமா என்று பார்த்துக் குறை எழுதுவார்கள். நடுவர்கள் வாயிலிருந்து வரக்கூடிய ஆகப் பெரிய பாராட்டு ஒன்றே ஒன்றுதான்: "கை பட்ட சுவடே இல்லை." அதைக் கேட்டுக் கண் கலங்கிய ஆட்கள் இருக்கிறார்கள். அசல் விமானங்களை இதே ஊர்த் தொழிற்சாலையில் பெண்கள் வியர்வைக் கையோடு ஆணி அடித்துப் பூட்டினார்கள், அதில் எத்தனை ஆயிரம் கை பட்டிருக்கும் என்று நான் ஒருமுறை கேட்டேன். அது அசல், அதற்கு விதிகள் பொருந்தாது என்றார்கள்.

தலைவர் லோவெல் ப்ரூவிட். அவர் கடைசியாக ஒரு விமானத்தை எப்போது செய்து முடித்தார் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. தலைவர் செய்தால் நடுவர்களுக்குத் தர்மசங்கடம், அதனால் சங்க நலன் கருதிச் செய்வதில்லை என்பார். தலைமை நடுவர் கார்லண்ட் ஸ்டக்கி ஓய்வு பெற்ற பல் மருத்துவர். வாயைப் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை இன்னும் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். விமானத்தின் அடிவயிற்றை அதை வைத்துத்தான் பார்ப்பார்.

மெர்ல் கெஸ்லர் என் பக்கத்து வீட்டுக்காரர், சங்கத்தின் பழைய உறுப்பினர். பள்ளிப் பேருந்து ஓட்டியவர். கடைசிக் காலத்தில் அவருக்குக் கை நடுக்கம் வந்துவிட்டது. காப்பிக் கோப்பையைப் பாதி நிறைத்துத்தான் கொடுப்பார்கள். அந்தக் கையை வைத்துக்கொண்டு மனிதர் நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானம் ஒன்றைச் செய்து முடித்தார். மூக்கில் பாரம் வைக்காவிட்டால் அந்த ரகம் வாலைத் தரையில் வைத்து உட்கார்ந்துவிடும். அதற்காகத் தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டுகளை அவர் மனைவி ஆர்டித் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உள்ளே போட்டுக் கொடுத்தார்.

உடம்பு முழுக்க வெள்ளி வண்ணம். பச்சையும் பழுப்பும் என்றால் எந்தத் தப்பையும் மறைத்துவிடும், வெள்ளி காட்டிக் கொடுத்துவிடும். அது காய்வதற்குள் மெர்ல் விமானத்தைத் திருப்பி வைக்கப் போனார். கை ஆடியது. இடது இறக்கையின் மேல், நட்சத்திரத்துக்குப் பக்கத்தில், கட்டைவிரல் அப்படியே பதிந்துவிட்டது. எப்போதோ பேருந்துக் கதவில் நசுங்கிய தழும்புகூட ரேகைகளுக்குக் குறுக்கே கோடாகத் தெரிந்தது.

பிப்ரவரியில், ஐஸ் உறைந்து கிடந்த ஒரு வாரத்தில், மெர்ல் போய்விட்டார். ஆர்டித் விமானத்தைச் சாப்பாட்டு அறை அலமாரியின் மேல் வைத்தார். காலையில் ஜன்னல் வெளிச்சம் இடது இறக்கையில் விழும்படி திருப்பி வைத்திருந்தார்.

"இது இங்கதான் இருக்கும், வெர்ன். பாக்கி எது வேணாலும் போகட்டும்," என்றார் என்னிடம்.

அடக்கம் முடிந்து மண் காய்வதற்குள் லோவெலும் கார்லண்டும் துக்கம் விசாரிக்க வந்தார்கள். கையில் ஒரு தட்டு நிறைய மீனும் நூடுல்ஸும் போட்டு வேகவைத்தது.

"மெர்ல் மாதிரி மனுஷன் இனி பொறந்துதான் வரணும்," என்றார் லோவெல். கண் அந்த வீட்டு நிலவறைப் படியில் இருந்தது. "கீழ ஈரம் கீரம் ஏறுதா, ஆர்டித்? மெர்ல் வாங்கிப் பிரிக்காம வச்ச விமானப் பெட்டியெல்லாம் நனைஞ்சா வீணாப் போயிடும். அதான் கேட்டேன்."

"தெரியலையே. எனக்கு முட்டி வலி, நான் கீழ இறங்கியே ரொம்ப நாளாச்சு."

"நீங்க ஏன் சிரமப்படறீங்க? நாங்க எதுக்கு இருக்கோம்?"

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். இறங்கிப் போனவர் ஏறி வரும்போது இரண்டு கக்கத்திலும் பெட்டிகள். பத்திரமாக வைத்திருக்க எடுத்துப் போகிறாராம். நான் பார்த்துக்கொண்டே இருந்ததில், "மழைக்காலம் முடிஞ்சதும் குடுத்துடுவேன்," என்றார். கன்சாஸில் மழைக்காலம் எது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதற்குள் கார்லண்ட் அலமாரிக்குப் பக்கத்தில் போயிருந்தார். துக்க வீட்டுக்கும் அந்தக் கண்ணாடியைக் கொண்டு வந்திருந்தார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு விமானத்தை முனையிலிருந்து முனைவரை நோட்டம் விட்டார். இடது இறக்கையில் வந்து நின்றார்.

"ஐயோ பாவமே," என்றார்.

ஆர்டித் அது மெர்லுக்காக என்று நினைத்து, "நன்றிங்க," என்றார்.

ஏப்ரல் போட்டியில் இந்த விமானத்தை மெர்ல் நினைவாக வைக்க வேண்டும் என்று லோவெல் கேட்டார். ஆர்டித்துக்கு மனமில்லை. கொஞ்ச நேரம் நாப்கினை மடித்துக்கொண்டே இருந்தார்.

"அங்க யாரும் தொட மாட்டாங்கல்ல?"

லோவெல் நெஞ்சில் கை வைத்தார். "காணிக்கைத் தட்டுல கை வச்சாலும் வைப்பாங்க, எங்க மேஜையில வைக்க மாட்டாங்க. மூச்சு விட்டதுக்கே ஒருத்தனை வெளிய அனுப்பினவங்க நாங்க. உங்க வீட்டு அலமாரியை விட எங்க மேஜை பத்திரம்."

அந்த ஒரு விதியை நம்பித்தான் ஆர்டித் சரி என்றார்.

போட்டி நாளன்று ஆர்டித்தையும் விமானப் பெட்டியையும் என் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். சர்ச் வாசலில் காற்று ஆளைத் தள்ளியது. பெட்டியைத் தூக்கப் போனேன். பின்னால் கார்லண்ட் ஓடி வந்தார்.

"வெர்ன், கைய எடு. செஞ்சவர்தான் மேஜைக்குக் கொண்டு வரணும்."

"அவரு செத்துட்டாருய்யா."

"அது எனக்கும் வருத்தம்தான். ஆனா விதியில அதுக்கு இடமில்ல."

"அப்ப நான் தூக்கிட்டு வரேன், நான் அவர் பொண்டாட்டி," என்றார் ஆர்டித்.

"நீங்க ஒட்டினீங்களாம்மா?"

"ஈயக்குண்டு போட்டுக் குடுத்தேன்."

கார்லண்ட் முகம் வெளுத்தது. "அதை வேற யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. ரெண்டு பேர் செஞ்சதுன்னா கூட்டு முயற்சிப் பிரிவுக்குப் போயிடும்."

செயற்குழு உள்ளே கூடியது. நாங்கள் வண்டியில் உட்கார்ந்திருந்தோம். காப்பி போடுகிற வாசனை வந்தது, முடிவு வரவில்லை. கடைசியில் எங்களையும் கூப்பிட்டுத் தீர்மானம் வாசித்தார்கள். ஒரு விமானம் அனாதையாக இருக்க முடியாது. செய்தவர் இறந்துவிட்டால், சங்கத்திடம் அது இருக்கும் காலம் வரை, எல்லாக் காரியத்துக்கும் சங்கமே அதைச் செய்தவராகக் கருதப்படும். அப்போதுதான் சங்கத்தின் சார்பில் யாராவது அதை வண்டியிலிருந்து தூக்க முடியும். எல்லோரும் கை தூக்கினார்கள். ஒரு பெட்டியை வாசலிலிருந்து மேஜைக்குக் கொண்டு போக இவ்வளவு கருமமா என்று நினைத்துக்கொண்டு நானும் தூக்கினேன்.

லோவெல் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு வந்து தூக்கினார். சவப்பெட்டி தூக்கியபோது அவர் இவ்வளவு மெதுவாக நடக்கவில்லை.

விமானத்தை எந்தப் பிரிவில் வைப்பது என்று அடுத்த சண்டை. உயிரோடு இருப்பவர்களோடு போட்டி போட்டால் இறந்தவருக்கு அனுதாப ஓட்டு விழும் என்று ஒருவர் சொன்னார். ஆகவே 'இல்லாதோர் பிரிவு' என்று புதிதாக ஒன்று ஏற்படுத்தினார்கள். அதில் ஒற்றை எஞ்சினுக்கும் பல எஞ்சினுக்கும் தனித்தனியாகப் பரிசு வேண்டாமா என்று இன்னொருவர் கேட்டார். பல எஞ்சின் செய்கிறவர்கள் வயதானவர்கள், பிரிவு சீக்கிரமே நிறைந்துவிடும் என்றார். நியாயம்தான் என்று தலையாட்டினார்கள். சிரித்தவன் நான் ஒருவன்தான்.

நடுவர்கள் முட்டி போட்டார்கள். ஆர்டித் பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கார்லண்ட் டார்ச்சை வாயிலிருந்து எடுத்துவிட்டு, எழுதுகிறவரிடம் சொன்னார்: "சக்கரம் நேரா இருக்கு. மூக்கு உக்காந்திருக்கு, பாரம் சரியா போட்டிருக்கு. இடது இறக்கை, மேல் பக்கம், கைரேகை. கடுமையான குறை."

"அது அவரோட விரலுங்க," என்றார் ஆர்டித்.

"தெரியுதும்மா."

"நீங்க குறைன்னு சொன்னீங்களே, அதான் சொன்னேன். அவர் விரல்."

"யாரோட விரலா இருந்தாலும் குறை குறைதாம்மா. ஆள் பார்த்து நாங்க மார்க் குறைக்கறதில்ல. நேர்மைன்னா அதுதான்."

இல்லாதோர் பிரிவில் மொத்தமே ஒரு விமானம்தான் இருந்தது. அதற்கு இரண்டாம் பரிசு கொடுத்தார்கள். கைரேகை உள்ள விமானத்துக்கு முதல் பரிசு கொடுத்தால் நாளைக்கு எல்லோரும் தொட ஆரம்பித்துவிடுவார்கள் என்று லோவெல் ஒலிபெருக்கியில் விளக்கினார். முதல் பரிசை யாருக்கும் கொடுக்கவில்லை. ஆர்டித் எழுந்து போய் அந்த ரிப்பனை வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லி, வந்து உட்கார்ந்தார். நாகரிகம் தெரிந்தவர் அங்கே அவர் ஒருவர்தான்.

கிளம்பும்போது லோவெல் வந்தார். "ஆர்டித், ரெண்டு வாரத்துல மெர்லுக்காக ஒரு நினைவு விருந்து வச்சிருக்கோம். அதுவரைக்கும் இது எங்க கண்ணாடிப் பெட்டியில இருக்கட்டும். சங்கத்துக்கு ஒரு மரியாதை."

"ரெண்டு வாரமா," என்றார் ஆர்டித். அலமாரி வெறுமையாக இருப்பதை நினைத்தாரோ என்னவோ. பிறகு, "சரி. மெர்லுக்கு இந்த சங்கம்னா உசிரு. ஆனா அதே மாதிரி திரும்பி வரணும். யாரும் தொடக்கூடாது."

"எங்ககிட்டயே வந்து தொடாதீங்கன்னு சொல்றீங்களே," என்று லோவெல் சிரித்தார். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள்.

நினைவு விருந்தன்று நிலவறையில் காகிதத் தோரணம் கட்டியிருந்தார்கள். ஆர்டித் வெறுங்கையோடு வருகிறவர் இல்லை. மாட்டுக்கறியும் முட்டைக்கோசும் அடைத்துச் சுட்ட ரொட்டி ஒரு பெரிய தட்டு நிறையக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். மெர்லுக்குப் பிடித்தது. சங்கத்தார் மொய்த்துவிட்டார்கள்.

மேடையில் விமானத்தின் மேல் நீலத் துணி போர்த்தியிருந்தது. லோவெல் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"மெர்ல் எங்களோட சகோதரர். அவரோட கடைசிப் படைப்பு எங்க மேஜையில குறையோட நின்னப்போ எனக்கு ராத்திரி தூக்கம் வரலை. பக்கத்து மாநிலச் சங்கத்துக்காரங்க ரெண்டு பேர் அதைப் போட்டோ எடுத்தாங்க. விச்சிட்டாக்காரன் கை கழுவாம விமானம் செய்யறான்னு நாளைக்குப் பேசுவாங்கள்ல? இறந்தவரை நாம மதிக்கணும்னா முதல்ல அவரால நமக்கு வர்ற கெட்ட பேரைத் துடைக்கணும். நம்ம தீர்மானப்படி இப்ப இந்த விமானத்தைச் செஞ்சவரு யாரு? சங்கம். செஞ்சவரு தன் விமானத்தைத் தொடலாமா? தாராளமா தொடலாம். அதனால, விதியை ஒரு எழுத்துகூட மீறாம, மெர்லுக்கு எங்க அன்பைக் காட்டிட்டோம்."

துணியை உருவினார்.

இறக்கை கண்ணாடி மாதிரி இருந்தது. மேலே இருந்த குழல்விளக்கு முழுசாக அதில் தெரிந்தது.

கைதட்டல் நிற்கவே இல்லை. கார்லண்ட் எழுந்து, வேலையை விவரித்தார். மொத்த இறக்கையையும் சொரசொரப்பான உப்புத்தாளில் ஆரம்பித்து, மெல்ல மெல்ல மெல்லிசான தாளுக்குப் போய், மறுபடி வெள்ளி அடித்து, கடைசியில் பல் பாலீஷ் செய்யும் பசையால் தேய்த்தாராம். மூன்று நாள் ஆயிற்றாம். "ரேகை ஆழமா விழுந்திருந்துது," என்றார் பெருமையாக. "நல்லா அழுத்திட்டாரு. லேசுல போகலை."

ஆர்டித் நாற்காலியை விட்டு எழுந்து மேடைக்குப் போனார். மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார். பிறகு அந்தப் பக்கம் போய், ஒருவேளை வலது இறக்கையோ என்று அதையும் பார்த்தார். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து அவருக்குப் பின்னால் போய் நின்றேன்.

"எங்க அது?" என்றார்.

"போயிடுச்சு," என்றார் கார்லண்ட். "சுத்தமா."

ஆர்டித் கையை நீட்டினார். கார்லண்ட் குறுக்கே வந்தார். "தொடாதீங்கம்மா. இன்னும் உள்ள காயலை. அதோட, இப்ப செஞ்சவங்க நாங்க இல்லையா."

நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு கீழே இறங்கியது.

"அயோக்கியத்தனம்யா இது," என்றேன். "அந்த அம்மா அத்தனை தடவை சொன்னாங்களே."

"வெர்ன், நிகழ்ச்சி நிரல்ல உன் பேர் இல்ல," என்றார் லோவெல். பிறகு ஆர்டித் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இதையும் சொல்லிடறேன், ஆர்டித். இது மெர்லோட ஆசைதான். அவரே எங்கிட்ட போன்ல சொன்னாரு. இறக்கையில ஒரு அசிங்கம் ஆயிடுச்சு லோவெல், தேய்ச்சுட்டு மறுபடி அடிக்கணும்னு. அவர் விட்டுப்போன வேலையைத்தான் முடிச்சிருக்கோம்."

"தெரியும்," என்றார் ஆர்டித். "ரெண்டு வாரம் அதுக்காக எங்கிட்ட சண்டை போட்டாரு. அந்த ஆடற கையில உப்புத்தாளை வச்சுக்கிட்டு நின்னாரு. நான் பிடுங்கிக் குப்பையில போட்டேன். இருக்கட்டும் மெர்ல், எனக்கு வேணும்னேன். கடைசியில சரின்னாரு." கொஞ்ச நேரம் இறக்கையையே பார்த்தார். "நாப்பத்தஞ்சு வருஷத்துல நான் அவர்கிட்ட ஜெயிச்ச கடைசிச் சண்டை அது."

பின்வரிசையில் ஒருவர் மென்றுகொண்டிருந்தார்.

லோவெல் தொண்டையைச் செருமினார். "உணர்ச்சிவசப்படறீங்க. இயற்கைதான். சந்தோஷத்துல இப்படி ஆகும்."

ஆர்டித் அவரைப் பார்க்கவே இல்லை. நேராகச் சாப்பாட்டு மேஜைக்குப் போனார். பாதி காலியாகியிருந்த தன் ரொட்டித் தட்டை எடுத்தார். பொருளாளர் எடுக்கப் போன ரொட்டி அவர் விரலுக்கும் தட்டுக்கும் நடுவே நின்றது. அதையும் வாங்கித் தட்டில் போட்டுக்கொண்டார்.

"விமானம், ஆர்டித்?" என்றார் லோவெல். "இன்னிக்கே எடுத்துட்டுப் போகலாம். பெட்டியில வச்சுத் தரோம்."

"செஞ்சவங்க நீங்கதானே. நீங்களே வச்சுக்கங்க. வெர்ன், வண்டியை எடு."

அந்த மாதக் கூட்டத்தில், திருமதி கெஸ்லர் விமானத்தைச் சங்கத்துக்குத் தாராள மனதோடு நன்கொடையாக வழங்கினார் என்று பதிவு செய்து, நன்றித் தீர்மானம் போட்டார்கள். நான் எதிர்த்துக் கை தூக்கினேன். நன்றியை எதிர்த்து ஓட்டுப் போட விதியில் இடமில்லை என்றார்கள். அன்றோடு அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டேன். அதற்கு முன் லோவெல் வீட்டுக்குப் போய் மெர்லின் பிரிக்காத பெட்டிகளைக் கேட்டேன். மழைக்காலம் முடியவில்லை என்றார்.

அடுத்த ஏப்ரலில் சங்கம் தன் பெயரிலேயே விமானத்தைப் போட்டியில் வைத்தது. செய்தவர் என்ற இடத்தில் சங்கம், சங்கத்துக்காகக் கையெழுத்து லோவெல் ப்ரூவிட். செய்தவர் உயிரோடு இருப்பதால் இல்லாதோர் பிரிவில் சேர்க்க முடியாதென்று மற்றவர்களோடு பொது மேஜையில் வைத்தார்கள். முதல் பரிசு. கார்லண்ட் டார்ச்சை வாயிலிருந்து எடுத்து, "கை பட்ட சுவடே இல்லை," என்றாராம். லோவெல் கண் கலங்கினாராம். டெல்மர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பொம்மை ரயில்காரர்களுக்கு அன்று பக்கத்து அறையில் கூட்டம்.

மறுநாள் லோவெல் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். தங்க முலாம் பூசிய பதக்கத்தை என்னிடம் நீட்டினார். ஆர்டித்திடம் சேர்த்துவிடச் சொன்னார். நேரே கொண்டு போகத் தைரியம் இல்லை போலிருக்கிறது. அவர் முகத்தில் விட்டெறிந்திருப்பேன். ஆனால் அதை என்ன செய்வது என்று ஆர்டித்துதான் சொல்ல வேண்டும், நான் இல்லை.

கொண்டு போனேன். ஆர்டித் சாப்பாட்டு அறையில் இருந்தார். அலமாரியின் மேல் வேறு எதையும் வைத்திருக்கவில்லை. பதக்கத்தை வாங்கி, கண்ணாடியை மாற்றிக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். மெர்ல் வண்ணம் அடித்து முடித்ததும் இறக்கையைச் சாய்த்துப் பார்ப்பார், அதே மாதிரி. பிறகு எனக்கும் காட்டினார். பளபளப்பு முழுக்க விரல் விரலாக அப்பியிருந்தது. நடுவில் தடிமனாக ஒரு கட்டைவிரல்.

"லோவெல் விரல் நல்லா விழுந்திருக்கு," என்றார். "இதை யாரும் தேய்க்க மாட்டாங்களா?"

பதக்கத்தை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, காப்பி போட உள்ளே போனார்.